டர்பனில் சிறுதொழிலுக்கு அரசுப் பணம்: யாருக்கு, எங்கே, எந்தத் தாளோடு

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் ஞாயிற்றுக்கிழமை பூஜை முடிந்து, கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதுதான் இந்தக் கேள்வி பெரும்பாலும் வரும். “அக்கா, தொழில் தொடங்கக் கவர்மெண்டு காசு தருதாமே, ஃபாரம் எங்க கிடைக்கும்?” நான் சின்னக் கடைகளுக்கும் வீட்டுத் தொழில்களுக்கும் கணக்கு எழுதுகிறவள். பதில் சொல்வதற்கு முன் திருப்பிக் கேட்பேன்: “நீங்க இந்த நாட்டுக் குடிமகனா? எப்போ ஆனீங்க?” கேட்டவர் முகம் கொஞ்சம் மாறும். பணத்தைப் பற்றிக் கேட்டால் பாஸ்போர்ட்டைப் பற்றிப் பேசுகிறாளே என்று. ஆனால் தென்னாப்பிரிக்காவில் எந்தக் கதவைத் தட்டலாம் என்பது அந்தப் பதிலில்தான் இருக்கிறது. ஃபாரம் எல்லாம் அப்புறம்.

முதலில், சட்டத்தின் கண்ணில் நீங்கள் யார்?

1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ கப்பலில் மதராஸிலிருந்து வந்து இறங்கியவர்களின் கொள்ளுப்பேரனும், போன வருஷம் சென்னையிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்தவரும் ஒரே சந்நிதியில் நின்று ஒரே தேவாரம் பாடலாம். சட்டம் அவர்கள் இருவரையும் ஒரே தட்டில் வைப்பதில்லை.

இங்கே அரசுப் பணத்தில் பெரும்பகுதி, நிறவெறிக் காலத்தில் ஒதுக்கப்பட்டவர்களுக்குப் பொருளாதாரத்தில் இடம் தரும் கொள்கையோடு கட்டப்பட்டது. எல்லோரும் பீ-ஈ-ஈ என்று சுருக்கிச் சொல்வது அதைத்தான். அந்தச் சட்டத்தில் ‘கறுப்பர்’ என்ற சொல்லுக்குள் ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர் மூவரும் அடக்கம். ஆனால் பிறப்பாலோ வம்சாவளியாலோ குடிமகனாக இருக்க வேண்டும். இல்லையென்றால் 1994 ஏப்ரல் 27 க்கு முன்பே குடியுரிமை வாங்கியிருக்க வேண்டும், அல்லது அதற்கு முன்பே வாங்கத் தகுதி உள்ளவராக இருந்திருக்க வேண்டும். முதல் ஜனநாயகத் தேர்தல் நடந்த நாள் அது.

என் கதையையே சொல்கிறேன். நான் கல்யாணமாகி இங்கே வந்து, பல வருஷம் கழித்துக் குடியுரிமை வாங்கியவள். கையில் பச்சை அடையாளப் புத்தகம், வாக்குரிமை, வரி எண் எல்லாம் உண்டு. முதல் பீ-ஈ-ஈ பிரமாணப் பத்திரத்தை நிரப்பும்போது, “நான் இந்தியர்தானே” என்று நம்பிக்கையோடு டிக் போட்டேன். சட்டப்படி நான் அந்தக் கணக்கில் வர மாட்டேன் என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். நல்லவேளை, பத்திரம் கையெழுத்தாகவில்லை. இங்கே பிறந்த என் கணவர் வருவார், இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகள் வருவார்கள். ஒரே வீடு, ஒரே சாம்பார், இரண்டு சட்ட நிலை.

ஆகவே இப்படிப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே பிறந்த குடிமகன் என்றால் ஏறக்குறைய எல்லாக் கதவுகளையும் தட்டலாம். பின்னாளில் குடியுரிமை வாங்கியவர் என்றால், குடிமகனா என்று மட்டும் கேட்கும் திட்டங்கள் உங்களுக்கு உண்டு, பீ-ஈ-ஈ பங்கு கேட்கும் திட்டங்கள் இல்லை. நிரந்தரக் குடியிருப்பு மட்டும் உள்ளவருக்கு அரசுக் கடன் சில கிடைக்கும், மானியம் அரிது. வேலை விசாவில் இருப்பவர் இந்தக் கட்டுரையின் பாதியை மூடிவைத்துவிடலாம். தொழில் தொடங்கவே வேறு விசா வேண்டும், அதற்கான முதலீட்டு நிபந்தனை 5 மில்லியன் ராண்ட்.

உடனே ஒரு யோசனை வரும். வரும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் வாரம் ஒருவர் கேட்கிறார். “என் மச்சான் இங்க பொறந்தவன். அவன் பேர்ல 51 சதவீதம் எழுதிட்டு, தொழிலை நான் நடத்தினா?” மச்சான் உண்மையிலேயே பங்குதாரராக இருந்து, முடிவெடுத்து, லாபத்தில் பங்கு வாங்கினால் தப்பே இல்லை. பேருக்கு மட்டும் என்றால் அதற்கு இங்கே ‘ஃப்ரண்டிங்’ என்று பெயர், அது குற்றம். 2013 இல் வந்த திருத்தச் சட்டப்படி 10 வருஷம் வரை சிறை உண்டு. மச்சானையும் சேர்த்து மாட்டிவிடாதீர்கள்.

மானியமா, கடனா?

ஆங்கிலத்தில் ‘ஃபண்டிங்’ என்று ஒரு வார்த்தையைப் போட்டு எல்லாவற்றையும் குழப்பிவிடுகிறார்கள். விளம்பரத்தில் ‘ஃபண்டிங்’ என்று பார்த்தால், அதில் பத்துக்கு எட்டு கடன்தான் என்று மனசில் வைத்துக்கொண்டு படியுங்கள். (புள்ளிவிவரம் இல்லை, என் அனுபவக் கணக்கு.) மானியம் என்றால் திருப்பித் தர வேண்டாம். கடன் என்றால் வட்டியோடு தர வேண்டும், அரசாங்கம் கொடுத்தாலும் சரி. இரண்டும் கலந்தது இப்போது அதிகம் வருகிறது: ஒரு பகுதி மானியம், மீதி கடன். அந்தக் கலவையில் எத்தனை சதவீதம் எது என்று கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

இன்னொன்று. மானியம் உங்கள் வங்கிக் கணக்குக்குப் பணமாக வரும் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் நீங்கள் கேட்ட மெஷினை விற்கிற கடைக்குத்தான் நேராகப் போகும். உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பது மாவரைக்கிற மெஷின், சீலிங் மெஷின், ஃப்ரீசர். வாடகை பாக்கி, பழைய கடன், பையனின் காலேஜ் ஃபீஸ் இதற்கெல்லாம் இந்தப் பணம் உதவாது. இது புரிந்தால் விண்ணப்பத்தை எப்படி எழுதுவது என்பதும் பாதி புரிந்துவிடும்.

தாள்கள்

இந்தப் பகுதியில்தான் உட்கார்ந்து பேச வேண்டும். விண்ணப்பம் தோற்பது யோசனை மோசம் என்பதால் இல்லை, தாள் சரியில்லை என்பதால்தான். ஒரு பைல் வாங்கி, கீழே வரும் வரிசைப்படியே சேருங்கள். இவற்றில் சில, ஒன்றில்லாமல் மற்றது கிடைக்காதவை.

முதலில் கம்பெனிப் பதிவு. சி.ஐ.பி.சி. என்ற கம்பெனிப் பதிவு ஆணையத்தின் ‘பிஸ்போர்ட்டல்’ இணையதளத்தில் நீங்களே செய்யலாம். பெயர் பதிவு 50 ராண்ட், கம்பெனிப் பதிவு 125 ராண்ட், ஆக 175 தான். இதையே 1,500, 2,000 என்று வாங்கிச் செய்து தருகிறவர்கள் உண்டு. இணையம் பழக்கமில்லாதவர் கொடுத்துவிட்டுப் போகட்டும். மற்றவர்களுக்கு அரை நாள் வேலை.

பதிவோடு முடிந்தது என்று நினைத்துத்தான் நான் தவறினேன். வருஷா வருஷம், கம்பெனி பதிவான தேதி வந்ததிலிருந்து 30 வேலை நாளுக்குள் சி.ஐ.பி.சி.யிடம் ஆண்டு ரிட்டர்ன் போட வேண்டும். வியாபாரம் ஒரு மில்லியனுக்குக் கீழே என்றால் கட்டணம் 100 ராண்ட். சார்ஸ் என்ற வரித்துறையில் ரிட்டர்ன் போட்டுவிட்டோமே, அதுதானே இது என்று நான் இரண்டு வருஷம் விட்டுவிட்டேன். இரண்டும் வேறு வேறு. விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு போனபோது, மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, “உங்கள் கம்பெனியே நீக்கப் பட்டியலில் இருக்கிறதே” என்றார். அதைச் சரி செய்து முடிப்பதற்குள் அந்த வருஷத் திட்டமே மூடிவிட்டது. இப்போது ரிட்டர்னோடு, கம்பெனியின் உண்மையான உரிமையாளர் யார் என்ற பதிவையும் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் ரிட்டர்ன் போகாது.

அடுத்தது வரி. கம்பெனி பதிவானதும் சார்ஸ் எண் தானாக வரும். சார்ஸின் ஈஃபைலிங் இணையதளத்தில் நுழைந்து, வரி நிலை பின் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பின்னை வைத்துத்தான் மற்ற அலுவலகங்கள் நீங்கள் வரி ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று பார்க்கும். ஒரு ரிட்டர்ன் பாக்கி இருந்தாலும் பச்சையாகத் தெரியும் உங்கள் நிலை சிவப்பாகிவிடும். வியாபாரமே நடக்காத வருஷத்துக்கும் பூஜ்யம் என்று எழுதி ரிட்டர்ன் போட வேண்டும். “ஒன்னும் விக்கலையே, எதுக்கு?” என்று விட்டவர்கள் எல்லாம் அபராதத்தோடு என்னிடம் வந்திருக்கிறார்கள்.

மூன்றாவது பீ-ஈ-ஈ தாள். வருஷ வியாபாரம் 10 மில்லியனைத் தாண்டாத சிறுதொழிலுக்கு ஆடிட்டர் சான்றிதழ் தேவையில்லை, பிரமாணப் பத்திரம் போதும். முழுப் பங்கும் மேலே சொன்ன அர்த்தத்தில் கறுப்பருடையது என்றால் பீ-ஈ-ஈ தரத்தில் முதல் நிலை, 51 சதவீதமாவது இருந்தால் இரண்டாம் நிலை, மற்றபடி நான்காம் நிலை. போலீஸ் ஸ்டேஷனில் காசில்லாமல் கையெழுத்து வாங்கலாம். அடையாள அட்டை நகல்களையும் அதே கையோடு அட்டஸ்ட் செய்துகொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் பழசான அட்டஸ்டேஷனைப் பல இடங்களில் வாங்க மாட்டார்கள், எனவே நிறையச் செய்து அடுக்கி வைத்துப் பயனில்லை.

நான்காவது, சி.எஸ்.டி. என்ற அரசின் மையச் சப்ளையர் பதிவு. இலவசம். எம்.ஏ.ஏ.ஏ. என்று தொடங்கும் ஒரு எண் வரும். மானியத்துக்கு எல்லோரும் கேட்பதில்லை, ஆனால் அரசுப் பள்ளிக்கோ ஆஸ்பத்திரிக்கோ ஒரு நாள் சப்பாத்தி சப்ளை செய்யும் ஆசை இருந்தால் இது வேண்டும். முன்கூட்டியே செய்துவிடுங்கள்.

அப்புறம் இடம். சமையல் தொழில் என்றால் இது பெரிய தலைவலி. கராஜில் மசாலா அரைத்தாலும், வாடகைக் கடையில் சமோசா போட்டாலும், 2018 இன் ஆர்638 விதிப்படி அந்த இடத்துக்கு ஏற்புச் சான்றிதழ் வேண்டும். டர்பனின் ஈத்தெக்வினி நகராட்சியின் சுகாதார அதிகாரி நேரில் வந்து பார்ப்பார்: கை கழுவத் தனித் தொட்டி, கழுவக்கூடிய சுவர், எலி வராத கதவு. சமைத்த சாப்பாடு விற்பதற்கு நகராட்சித் தொழில் உரிமமும் தனியே வேண்டும். வீட்டில் தொழில் நடத்த அந்த மனையின் நில உபயோக விதி இடம் தருகிறதா என்பதையும் அதே நடையில் கேட்டுவிடுங்கள். நம் பாட்டிகள் சமையலறையில் ஊறுகாய் போட்டுத் தெரு முழுக்க விற்றார்கள், யார் கேட்டார்கள்? உண்மைதான். ஆனால் பாட்டி மானியம் கேட்டுப் போகவில்லை.

கடைசியாக வங்கி. இதில்தான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். வியாபாரம் நன்றாக நடக்கும், ஆனால் எல்லாம் ரொக்கம். சனிக்கிழமைச் சந்தையில் வாங்கிய காசு புடவை மடிப்பிலிருந்து நேராகச் சீட்டுக்குப் போகும். ஸ்டாக்வெல் என்று இந்த ஊர் சொல்வதும் நம் சீட்டும் ஒன்றுதான். ஆறு மாத வங்கி அறிக்கையைக் கேட்கும்போது காட்ட ஒன்றும் இருக்காது. கம்பெனி பெயரில் கணக்குத் தொடங்கி, இன்றிலிருந்தே வரும் காசை அதில் போடுங்கள். வாரம் 800 ராண்ட் என்றாலும் பரவாயில்லை. தொடர்ச்சிதான் முக்கியம். கூடவே உங்கள் கடன் வரலாற்று அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள். வருஷத்துக்கு ஒரு முறை இலவசமாகத் தரச் சட்டம் இருக்கிறது. எப்போதோ வாங்கிய துணிக்கடை அக்கவுண்டில் 300 ராண்ட் பாக்கி என்று பெயர் கெட்டுக் கிடக்கும், உங்களுக்கே தெரியாது.

என்ன கேட்கப் போகிறீர்கள்?

“எவ்வளவு தருவார்கள்?” என்று கேட்காதீர்கள். எனக்கு எது வேண்டும், அது வந்தால் என்ன மாறும் என்று எழுதத் தெரிந்தால் பிசினஸ் பிளான் தயார். மற்றதெல்லாம் அலங்காரம். இருபது பக்கத்துக்கு இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிய பிளான்களைப் பார்த்திருக்கிறேன். ‘உலக மசாலாச் சந்தை’ என்று ஆரம்பிக்கும். படிக்கிறவருக்கு உலகச் சந்தை வேண்டாம், உங்கள் தெருச் சந்தைதான் வேண்டும்.

உதாரணத்துக்கு ஒரு மசாலாத் தொழிலை எடுத்துக்கொள்வோம். விக்டோரியா தெரு மார்க்கெட்டில் ‘மாமியார் ஒழிப்பான்’ என்று ஆங்கிலத்தில் பெயர் எழுதி, சிவப்புப் பொடியைக் குவித்து வைத்திருப்பார்களே, அந்த மாதிரி கடைகளுக்கும் பக்கத்து டக்-ஷாப் என்ற சின்னத் தெருக்கடைகளுக்கும் பாக்கெட் போடுகிற ஒருத்தி. 200 கிராம் பாக்கெட்டை 22 ராண்டுக்குக் கடைக்குக் கொடுக்கிறாள். மிளகாய், மல்லி மற்ற சரக்கு 11, பாக்கெட்டும் லேபிளும் 2, மின்சாரமும் பெட்ரோலும் 2. கையில் நிற்பது 7. மாதம் தவறாமல் போகிற செலவு, வாடகை 3,500, பாதி நேர உதவியாள் 2,500, போனும் இன்சூரன்ஸும் 1,000, ஆக 7,000. அப்படியென்றால் மாதம் 1,000 பாக்கெட் விற்றால்தான் தலை நீரில் மூழ்காமல் இருக்கும். இப்போது சின்ன மெஷினில் 1,200 பாக்கெட் ஓடுகிறது, மிச்சம் 1,400 ராண்ட். பெரிய மெஷின் வந்தால் 2,400 பாக்கெட். ஆளுக்கு இன்னொரு 2,500 கொடுத்தாலும் மிச்சம் 7,300.

இந்தக் கணக்கு ஒரு பக்கம். அந்தக் கூடுதல் 1,200 பாக்கெட்டை யார் வாங்குவார்கள் என்பது அடுத்த பக்கம். இதற்கு நாலு கடைக்காரர்களிடம் போய், “மாதம் இத்தனை எடுத்துக்கொள்வேன்” என்று கடையின் பெயர் அச்சிட்ட தாளில் எழுதி வாங்குங்கள். இது ஆர்டர் இல்லை, அவர்களைக் கட்டுப்படுத்தாது, ஆகவே தயங்காமல் தருவார்கள். இந்த நாலு தாள் இருக்கிற பைலுக்கும் இல்லாத பைலுக்கும் உள்ள வித்தியாசம், பொண்ணு பார்க்கப் போகும்போது ஜாதகத்தோடு போவதற்கும் வெறுங்கையோடு போவதற்கும் உள்ளதுதான்.

மூன்றாவது, கொட்டேஷன். ஒரே மெஷினுக்கு மூன்று கடைகளிலிருந்து வாங்குங்கள். கம்பெனி பெயர், வாட் எண், தேதி, எத்தனை நாள் செல்லும் என்பது எல்லாம் இருக்க வேண்டும். விண்ணப்பம் முடிவாக மாதங்கள் ஆகும், அதற்குள் விலை ஏறும். எனவே செலவுப் பட்டியலில் கொஞ்சம் இடம் விட்டு எழுதுங்கள், இல்லையென்றால் பாதி மெஷின்தான் கிடைக்கும். தம்பியின் கடையிலிருந்து மூன்று கொட்டேஷன் மூன்று பெயரில் வாங்குவதை அவர்கள் பார்த்துப் பார்த்துச் சலித்தவர்கள்.

எந்தக் கதவு?

வயது 18 முதல் 35 வரை, குடிமகன் என்றால், யோசிக்காமல் தேசிய இளைஞர் மேம்பாட்டு முகமை, அதாவது என்.ஒய்.டி.ஏ. உண்மையான மானியம் என்று நான் கையைக் காட்டுவது முதலில் இதைத்தான். 1,000 ராண்டிலிருந்து 2 லட்சம் ராண்ட் வரை. விவசாயம், தொழில்நுட்பம் என்றால் இரண்டரை லட்சம் வரை. பணம் தருவதற்கு முன் ஒரு தொழில் நிர்வாகப் பயிற்சிக்குப் போகச் சொல்வார்கள். “நாங்க பரம்பரை வியாபாரிங்க, எங்களுக்கு என்ன பயிற்சி” என்று முரண்டு பிடிக்காமல் போய் உட்காருங்கள். கணக்கு வைப்பது எப்படி என்பது பரம்பரையாக வருவதில்லை. தொழிலில் முழு நேரம் நீங்களே நிற்க வேண்டும் என்பதும் நிபந்தனை. வீட்டில் 35 தாண்டாத பிள்ளை இருந்து, அவன் நிஜமாகவே தொழிலைக் கையில் எடுக்கப் போகிறான் என்றால், கம்பெனியை அவன் பெயரில் தொடங்குவது பற்றி யோசிக்கலாம். நிஜமாகவே என்ற சொல்லைக் கவனியுங்கள்.

35 தாண்டியவர்களுக்கு முதல் வாசல் செட்ஃபா, அதாவது சிறுதொழில் மேம்பாட்டு, நிதி முகமை. பழைய ஆட்கள் இன்னும் ‘சீடா’ என்றும் ‘செஃபா’ என்றும்தான் சொல்வார்கள். ஆலோசனை சொல்ல ஒன்று, கடன் கொடுக்க ஒன்று என்று இருந்தவற்றை, கூட்டுறவு வங்கிகளைக் கவனித்த ஒரு சிறு அமைப்போடு சேர்த்து 2024 அக்டோபர் 1 முதல் ஒன்றாக்கிவிட்டார்கள். பழைய பெயரில் வரும் இணையப் பக்கங்களையும் ஃபாரங்களையும் நம்பி இறங்க வேண்டாம். இங்கே ஆலோசனை இலவசம்: பிளான் எழுத, லேபிள் விதிகளைப் புரிந்துகொள்ள, சந்தையைக் கண்டுபிடிக்க உதவுவார்கள். கடன் 50,000 ராண்டிலிருந்து 15 மில்லியன் வரை. அதற்குக் கீழே தேவை என்றால் அவர்கள் பணம் கொடுத்திருக்கும் சிறுகடன் நிறுவனங்கள் வழியாக வரும். கடன்தான், ஆனால் வங்கி கதவை அடைத்தவர்களையும் இவர்கள் உட்கார வைத்துப் பேசுவார்கள். என் கருத்தில், கடன் வேண்டாதவர்களும் அந்த இலவச ஆலோசனைக்காக ஒரு முறை போக வேண்டும்.

டக்-ஷாப் நடத்துகிறவர்களுக்கு ஒரு தனித் திட்டம் உண்டு. 2024 இல் கடைத் தின்பண்டங்களால் குழந்தைகள் இறந்த செய்திகள் வந்து, ஸ்பாசா என்றும் சொல்லும் இந்தத் தெருக்கடைகள் எல்லாம் நகராட்சியில் திரும்பப் பதிய வேண்டும் என்று ஆனதே, அதைத் தொடர்ந்து 2025 ஏப்ரலில் 500 மில்லியன் ராண்டில் ஸ்பாசா கடை ஆதரவு நிதி தொடங்கியது. ஒரு கடைக்கு அதிகபட்சம் 3 லட்சம் ராண்ட், மானியமும் கடனும் கலந்து. டவுன்ஷிப்பிலோ கிராமத்திலோ தென்னாப்பிரிக்கக் குடிமகன் நடத்துகிற, நகராட்சி அனுமதி உள்ள கடையாக இருக்க வேண்டும். டவுன்ஷிப் என்றால் ஆப்பிரிக்கர்கள் வாழும் உம்லாசி, குவாமாஷு மட்டும்தான் என்று நம்மவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நிறவெறிக் காலத்துக் குழு வாழ்விடச் சட்டத்தால் நம் தாத்தாக்களைக் கொண்டுவந்து அடைத்த சாட்ஸ்வொர்த்தும் ஃபீனிக்ஸும் வேறென்ன?

பெரிய கனவு உள்ளவர்களுக்கு என்.இ.எஃப். என்ற தேசிய அதிகாரப்படுத்தல் நிதி. இரண்டரை லட்சத்தில் தொடங்கி 75 மில்லியன் வரை, கறுப்பர் பங்கு 50.1 சதவீதமாவது வேண்டும். இது மானியம் இல்லை, கடனும் பங்கு முதலீடும். ஐ.டி.சி. என்ற தொழில் மேம்பாட்டுக் கழகம் இன்னும் பெரியது, ஒரு மில்லியனிலிருந்துதான் ஆரம்பம், தொழிற்சாலை போடுகிறவர்களுக்கு. வெளிநாட்டுக் கண்காட்சிக்குப் போய் ஊறுகாய் ஏற்றுமதி செய்யும் எண்ணம் இருந்தால், வர்த்தகத் துறையில் விமானச் செலவையும் ஸ்டால் வாடகையையும் தாங்கும் ஏற்றுமதி உதவித் திட்டம் ஒன்று இருக்கிறது. ஆனால் முதலில் பக்கத்து ஊரான டோங்காட்டில் விற்றுக் காட்டுங்கள்.

எல்லோரும் மறக்கிற பணம் ஒன்று உண்டு. வேலைக்கு ஆள் வைத்திருக்கிறீர்களா? 18 முதல் 29 வயதுள்ள, மாதம் 7,500 ராண்டுக்குள் சம்பளம் வாங்கும் இளைஞர் என்றால், 2014 இலிருந்து நடக்கும் வேலைவாய்ப்பு வரிச் சலுகையில் முதல் வருஷம் மாதம் 1,500 ராண்ட் வரை, இரண்டாம் வருஷம் அதில் பாதி, நீங்கள் சார்ஸுக்குக் கட்ட வேண்டிய ஊழியர் வரியிலிருந்து கழித்துக்கொள்ளலாம். யாரிடமும் நேர்காணல் இல்லை, கமிட்டி இல்லை. ஆளை முறையாகப் பதிந்து, குறைந்தபட்ச கூலி கொடுத்து, வரி ஒழுங்காக இருந்தால் போதும். அதே மாதிரி உங்கள் துறைக்கான பயிற்சி அமைப்பு, அதாவது செட்டா. மொத்தச் சம்பளம் வருஷத்துக்கு 5 லட்சம் ராண்டைத் தாண்டாத சிறுதொழில் பயிற்சி வரி கட்ட வேண்டியதில்லை, ஆனாலும் பயிற்சிக்கான விருப்ப மானியம் கேட்கலாம். மெஷினுக்கு ஓடுகிற ஓட்டத்தில் இந்த இரண்டையும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்குத் தெரிந்த சில பேக்கரிகளுக்கு மானியத்தைவிட இதுதான் அதிகம் உதவியது.

எப்போது, எப்படிக் கொடுப்பது?

தேசிய, மாகாண அரசின் கணக்கு வருஷம் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. நகராட்சிக்கு ஜூலை 1 முதல் ஜூன் 30. பட்ஜெட் புதிதாக இருக்கும்போது போனால் பேச்சே வேறாக இருக்கும். பிப்ரவரியில் போய் நின்றால், “பணம் தீர்ந்துவிட்டது, அடுத்த வருஷம் வாருங்கள்” என்பார்கள். ஆகவே தாள் வேலையை டிசம்பர், ஜனவரியில் முடியுங்கள். டர்பன் கடற்கரைக்கு ஊரே திரண்டு வந்து எல்லா ஆபீஸும் தூங்கும் மாதம்தான், ஆனால் போலீஸ் ஸ்டேஷனும் சி.ஐ.பி.சி. இணையமும் தூங்குவதில்லை.

இணையத்தில் ஏற்றினாலும் ஒரு முழு நகல் கையில் இருக்கட்டும். நேரில் கொடுத்தால் வாங்கிக்கொண்டதற்கு முத்திரை, தேதி, வாங்கியவர் பெயர் வாங்காமல் நகராதீர்கள். ஒரு பக்கம் காணாமல் போனால் போனது உங்கள் விண்ணப்பம்தான். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போன் செய்து, பேசிய தேதியையும் சொன்னதையும் நோட்டில் எழுதுங்கள். கோபப்பட வேண்டாம். அந்த மேஜையில் இருப்பவர்களும் ஒரு பைல் மலைக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறார்கள்; பெயர் சொல்லி, நலம் விசாரித்து, ஜூலுவில் ஒரு “சனிபோனா” சொல்லிப் பேசினால் பதில் சீக்கிரம் வரும்.

நிராகரிப்புக் கடிதம் வந்தால் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் அலமாரியில் வைக்காதீர்கள். காரணம் எழுதியில்லை என்றால் எழுத்தில் கேளுங்கள். 2000 ஆம் ஆண்டின் நிர்வாக நீதிச் சட்டப்படி, அரசு அமைப்பின் முடிவு உங்களைப் பாதித்தால், தெரிந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் காரணம் கேட்கலாம், அவர்களும் 90 நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும். சண்டைக்காக இல்லை, அடுத்த விண்ணப்பத்துக்கு அந்தக் காரணம் வேண்டும். ஒரு தாள் குறைந்தது என்று வந்தால் அடுத்த வாரமே திரும்பப் போகலாம்; கணக்கு ஓடவில்லை என்று வந்தால் மசாலா விலையைத் திரும்பப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றில்லை.

இடையில் ஒரு ஆள் வருவார்

வாட்ஸ்அப்பில் வருவார், சில சமயம் கோயில் கமிட்டி வழியாகவே வருவார். “உள்ளே ஆள் இருக்கு, 3,000 கொடுங்க, அப்ரூவல் நிச்சயம்.” பணம் தருவதாக நான் மேலே சொன்ன எந்த அமைப்பும் விண்ணப்பக் கட்டணம் கேட்பதில்லை. ‘அப்ரூவல் ஆகிவிட்டது, பணத்தை விடுவிக்க வரி கட்டுங்கள்’ என்று வருவது அப்பட்டமான திருட்டு. உங்கள் அடையாள அட்டை நகலையும் வங்கிக் கடிதத்தையும் இப்படிப்பட்டவரிடம் கொடுத்தால் 3,000 ராண்டோடு போகாது, உங்கள் பெயரில் செல்போன் வாங்கிவிடுவார்கள். ஃபாரம் நிரப்ப ஆள் வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், வேலைக்குக் கூலி கொடுங்கள், ரசீது வாங்குங்கள். கிடைக்கும் மானியத்தில் சதவீதம் கேட்கிறவரிடம் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். மானியம் மெஷினாக வரும்போது சதவீதத்தை உங்கள் சொந்தப் பையிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும்.

மெஷின் வந்த பிறகு

சரி, ஒரு நாள் பக்கி என்ற சின்னச் சரக்கு வண்டியில் மெஷின் வந்து இறங்கிவிட்டது. குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் நசுக்கி முடித்ததும், மெஷினின் சீரியல் எண் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுங்கள். இன்வாய்ஸையும் டெலிவரி நோட்டையும் அதோடு ஒரே பைலில் வையுங்கள். பின்னால் யாராவது வந்து, மெஷின் இருக்கிறதா, ஓடுகிறதா, வேலைக்கு ஆள் எடுத்தீர்களா என்று பார்ப்பார்கள். ஒப்பந்தம் தடுக்கும் காலத்துக்குள் அதை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. மச்சானுக்குத் தற்காலிகமாகக் கொடுப்பதும் அதில் சேர்த்திதான். இன்சூரன்ஸில் சேர்க்கும்போது சஸ்ரியா பாதுகாப்பு இருக்கிறதா என்று குறிப்பாகக் கேளுங்கள். கலவரச் சேதத்தைச் சாதாரண பாலிசி தாங்காது, 2021 ஜூலைக் கலவரத்தில் கடையை இழந்தவர்களில் பலர் அப்போதுதான் அந்தப் பெயரையே முதன்முறையாகக் கேள்விப்பட்டார்கள்.